மூன்று வருஷம் வெளியே நின்றவன்

கல்லூரி நாட்களில் கீழராஜ வீதியில் டவுன் பஸ்ஸுக்காக மூன்று வருஷம் கால் கடுக்க நின்றிருக்கிறேன். பக்கத்திலேயே அரண்மனை. ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை. படித்ததோ வரலாறு! நண்பர்களே, உங்களில் எத்தனை பேர் போயிருப்பீர்கள்? போன வருஷம் பேரன் பிடிவாதம் பிடிக்க, டிக்கெட் வாங்கி நுழைந்தேன்.

நாயக்கர் கட்டியது, மராட்டியர் விரித்தது. 1951 முதல் கலைக்கூடம். நாயக்கர் தர்பார் மண்டபத்தில் இரண்டாம் சரபோஜி வெள்ளைச் சலவைக்கல்லில் கைகூப்பி நிற்கிறார். செதுக்கியவர் லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மன். சரபோஜி சேர்த்த ஏடுகளும் நூல்களும் பக்கத்துச் சரஸ்வதி மகாலில்; 1918-ல் அது பொது நூலகமாயிற்று.

என்னை நிறுத்தி வைத்தது வேறு விஷயம். 1855-ல் அவர் மகன் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் காலமானார். கம்பெனியின் ரெசிடெண்ட் ஃபோர்ப்ஸ் படையோடு வந்து அரண்மனைச் சொத்துகளுக்கு சீல் வைத்தார். மன்னரின் சொந்தப் பொருட்களும் போயின. மூத்த ராணி காமாட்சி பாய் அழுதுகொண்டு உட்காரவில்லை. கம்பெனி மீதே சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயித்தார்! ஆனால் 1859-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அதைக் கவிழ்த்தது. இது அரசின் செயல், நியாயமோ அநியாயமோ, நீதிமன்றம் தலையிட முடியாது என்றார்கள். சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிற வழக்கு. நம் வகுப்பில் யாரும் சொன்னதாக ஞாபகமில்லை.

செப்புத் திருமேனிகள் இருக்கும் இடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர், கி.பி. 1011, ராஜராஜன் காலம். பாம்புகளே தலைப்பாகை. மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தவர். ஒரு கை காளைமேல் சாய்ந்த வாக்கில் நிற்கிறது. காளை மட்டும் இல்லை.

பக்கத்தில் ஒரு பெரியவர், பார்த்தாலே வயல்காட்டு ஆள், துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டார். விளக்கில்லை, பூவில்லை. "மாட்டைக் காணுமே தம்பி" என்றார். கிடைக்கவே இல்லீங்க என்றேன்.

"நம்ம வூட்லயும் அப்படித்தான். டிராக்டரு வந்ததும் ஜோடிய வித்துப்புட்டேன். இப்பவும் கருக்கல்ல எந்திரிச்சா கை தானா தொழுவத்துப் பக்கம் போவுது."

என்ன பதில் சொல்வது? அதற்குள் பேரன் கையைப் பிடித்து இழுத்தான். 1955-ல் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு மாடியில் இருக்கிறதாம். பெரியவரையும் கூட்டிக்கொண்டு படியேறினோம்.