ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு (மார்ச் 23, 1893 - ஜனவரி 4, 1974) தமிழ்நாட்டைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளர், தொழிலதிபர், கல்வியாளர் ஆவார். இவரது முழுப்பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. முறையான பொறியியல் கல்வி பெறாத இவர் மின்பொறியியல், இயந்திரவியல், வேளாண்மை ஆகிய துறைகளில் பல கண்டுபிடிப்புகளைச் செய்தார். 'இந்தியாவின் எடிசன்' எனவும் அழைக்கப்படுகிறார்.

இளமை

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் எனும் சிற்றூரில் பிறந்தார். பள்ளிப்படிப்பில் நாட்டம் இல்லாததால் தொடக்க நிலையிலேயே அதனை நிறுத்திவிட்டார். ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு, அதனை வாங்குவதற்காகக் கோயம்புத்தூரில் உணவு விடுதி ஒன்றில் பணிபுரிந்து பணம் சேர்த்தார். வாங்கிய வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டியே இயந்திரங்களின் இயக்கத்தை அறிந்துகொண்டார்.

போக்குவரத்துத் தொழில்

1920 இல் ஒரே ஒரு பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பயணிகள் சேவையைத் தொடங்கினார். இது பின்னர் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் (யு.எம்.எஸ்.) என்னும் பெரும் நிறுவனமாக வளர்ந்தது.

கண்டுபிடிப்புகள்

1937 இல் தே. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கினார். இவரது பிற கண்டுபிடிப்புகளுள் சில:

* உலர் மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டார் கொண்ட சவரக்கருவி
* மிக மெல்லிய சவர அலகு
* பழச்சாறு பிழியும் கருவி
* மண்ணெண்ணெயில் இயங்கும் விசிறி
* முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவு இயந்திரம்

1941 இல், ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர இயலும் என அறிவித்தார். வேளாண்மையில் பருத்தி, பப்பாளி முதலிய பயிர்களைக் கொண்டு ஆய்வுகள் செய்தார்.

உரிமம் மறுப்பு

1952 இல் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலையில் வடிவமைத்தார். 1951 ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டத்தின்படி, இத்தகைய தொழிற்சாலை தொடங்க நடுவண் அரசின் உரிமம் தேவைப்பட்டது. உரிமம் மறுக்கப்பட்டதால் அக்கார் உற்பத்திக்கு வரவில்லை. செய்து காட்டும் திறன் மட்டும் ஒரு பொருளை மக்களிடம் சேர்க்கப் போதுமானதாக இல்லாத காலம் அது.

கல்விப்பணி

1945 இல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரி தொடங்கப்படக் காரணமாக இருந்தார். அக்கல்லூரியே தற்போது அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. அதன் முதல்வராகவும் பணியாற்றினார். செய்முறைப் பயிற்சியை முதன்மையாகக் கொண்டால் பொறியியலைக் குறுகிய காலத்தில் கற்பிக்கலாம் என்பது இவரது கருத்து. நான்காண்டுப் படிப்பு காலத்தை வீணாக்குகிறது எனக் கருதி அப்பொறுப்பிலிருந்து விலகினார்.

நினைவு

இவர் 1967 இல் கோயம்புத்தூரில் நிறுவிய தொழிற்கண்காட்சியில் இவரது கருவிகளும் சேகரிப்புகளும் காட்சிப்படுத்தப்பட்டன. இவர் பெயரால் இயங்கும் அறக்கட்டளை 2015 இல் கார் அருங்காட்சியகம் ஒன்றையும் தொடங்கியது. 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட கோயம்புத்தூர் அவிநாசி சாலை மேம்பாலத்திற்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.