ஒரு பிரஷ்ஷின் பிடியில் இருக்கும் வார்த்தை

பழம்பொருள் சேர்ப்பவர்களிடம் இருக்கும் சில பழைய ஷேவிங் பிரஷ்களின் பிடியில், கம்பெனிப் பெயரோடு ‘ஸ்டெரிலைஸ்டு’ என்ற சொல்லும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தக் கால விளம்பர பாணி என்று நினைத்துக் கடந்துவிடுவோம். ஆனால் கன்னத்தில் நுரை தேய்க்கிற ஒரு சாமானுக்கு ஆஸ்பத்திரிச் சொல் எதற்கு?

பதில் முதல் உலகப் போரில் இருக்கிறது. நல்ல ஷேவிங் பிரஷ் என்றால் பேட்ஜர் முடிதான். பேட்ஜர் என்பது நிலத்தில் வளை தோண்டி வாழும் சிறு விலங்கு. அதன் முடி தண்ணீரை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். போருக்கு முன் ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து வந்த முடி, பெரும்பாலும் ஜெர்மனி, பிரான்ஸ் வழியாகவே பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போனது. அங்கேதான் அதைத் தரம் பிரித்து, சுத்தம் செய்து, கிருமி நீக்கினார்கள். 1914ல் போர் வந்ததும் அந்த வழி அடைபட்டது. ஆசியாவிலிருந்து குதிரைமயிர் நேரடியாக வந்து இறங்கியது. சாயம் தோய்த்து, பேட்ஜர் முடி மாதிரியே ஆக்கி, மலிவாக விற்றார்கள்.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு சின்ன உதிரிப்பாகத்தின் சப்ளையரை மாற்றவே ஏகப்பட்ட படிவம் நிரப்ப வேண்டும். ‘இதெல்லாம் எதுக்குடா’ என்று அலுத்துக்கொள்வோம். இந்த வரலாற்றைப் படித்த பிறகு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. கிருமி நீக்கும் வேலை இடையில் இருந்தவர்களின் வழக்கத்தில் ஒளிந்திருந்தது. இடையில் இருந்தவர் போனதும் அந்த வேலையும் சத்தமில்லாமல் போய்விட்டது.

அதே சமயம் பிரஷ்ஷின் தேவையும் கூடியது. 1915ல் விஷவாயு போர்க்களத்துக்கு வந்தது. வாயுமுகமூடி முகத்தோடு ஒட்ட வேண்டுமென்றால் தாடி இருக்கக்கூடாது. பிரிட்டிஷ் ராணுவத்தில் மீசை கட்டாயம் என்ற விதியும் 1916ல் நீக்கப்பட்டது. லட்சக்கணக்கான ஆண்கள் முகத்தை மழித்தார்கள்.

குதிரைமயிரோடு சேர்ந்து வந்தது ஆந்த்ராக்ஸ். நம் ஊர்களில் மாட்டுக்கு வரும் அடைப்பான் என்று சொல்வார்களே, அதே நோய்தான். சவரக்கத்தி கீறிய இடத்தில் பிரஷ் தேய்த்தால் போதும். முதலில் ஒரு சிறு கொப்புளம். சில நாளில் நடுவே கரி மாதிரி கறுத்துவிடும், வலி இருக்காது. ஆந்த்ராக்ஸ் என்ற பெயரே கரியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். கழுத்து வீங்கி மூச்சை அடைத்தால் ஆபத்து. பெனிசிலின் வர இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தது.

2017ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் பழைய பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இரு நாடுகளின் ராணுவத்தினர், பொதுமக்கள் எல்லாருமாகச் சேர்த்து 200க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். பிரிட்டன் 1919ல் ஆந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1920ல் ஜப்பானிய ஷேவிங் பிரஷ் இறக்குமதியைத் தடை செய்தது. பிடியில் ‘ஸ்டெரிலைஸ்டு’ என்று அடித்து விற்றது, பயந்துபோன வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தத்தான்.

போன வருஷம் ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அந்தச் சொல் பொறித்த பிரஷ் ஒன்றை 40 வெள்ளிக்கு வாங்கினேன். விற்றவர், “சுடுதண்ணில ஊறவச்சு சோப்பு போட்டு அலசுங்க தம்பி, புதுசு மாதிரி ஆயிடும்” என்றார். ஆந்த்ராக்ஸ் கிருமி வித்து வடிவில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். ஸ்காட்லாந்தின் குருயினார்ட் தீவில் 1942ல் பிரிட்டன் இந்தக் கிருமியைச் சோதித்தது. பிறகு ஃபார்மால்டிஹைடு ஊற்றி மண்ணைச் சுத்தம் செய்து, தீவு பாதுகாப்பானது என்று அறிவிக்க 1990 ஆகிவிட்டது. சுடுதண்ணீரும் சோப்பும் இதன்முன் எம்மாத்திரம்? ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வைக்கலாம், ஆனால் செல்லுலாய்டு பிடி உருக்குலைந்துவிடும்.

பழைய பிரஷ்ஷை மீட்பவர்கள் பொதுவாக முடியை ஒட்ட வெட்டி, அடிக்கட்டையைத் துளையிட்டு எடுத்து, குழியை அளந்து, செயற்கை இழைக் கட்டை எப்பாக்ஸி வைத்து ஒட்டுவார்கள். 1960களின் பிடி ஒன்றில் நான் அப்படித்தான் செய்தேன், தினமும் அதில்தான் சவரம். ஈப்போ பிரஷ்ஷில் துளையிடும் கருவியை வைக்கவில்லை. தூசி பறக்கும். ஆந்த்ராக்ஸ் தோலைவிட நுரையீரலில்தான் கொடியது. இன்று அபாயம் மிகக் குறைவு என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு பழம்பொருளின் அசல் தன்மைக்காக அந்தக் குறைந்த அபாயத்தை என் முகத்திலோ, பக்கத்து அறையில் தூங்கும் அம்மாவின் மூச்சிலோ சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. அதை இரண்டு பைகளில் போட்டு மூடி, மேலே காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அந்த 200 பேரும் பிரஷ்ஷைப் பயன்படுத்தியவர்கள். கம்பளி பிரிக்கும் தொழிலாளர்கள் நெடுங்காலமாக இதே நோயில் செத்ததால், ‘கம்பளி பிரிப்போர் நோய்’ என்றே ஆங்கிலத்தில் அதற்கு ஒரு பெயர் இருந்தது. ஆசியாவில் அந்தக் குதிரைமயிரை முதலில் வாரி, பிரித்து, கட்டாகக் கட்டியவர்களும் அதே தூசியைத்தான் சுவாசித்திருப்பார்கள். அந்த 200ல் அவர்கள் இல்லை. எந்தப் பிடியிலும் அவர்களைப் பற்றி ஒரு சொல்கூடப் பொறிக்கப்படவில்லை.