போபாலிலிருந்து போன ஓர் அறிக்கை

1982 மே மாதம் அமெரிக்காவிலிருந்து மூன்று நிபுணர்கள் போபாலுக்கு வந்தார்கள். யூனியன் கார்பைடின் பூச்சிக்கொல்லி ஆலையைப் பாதுகாப்புத் தணிக்கை செய்ய, தாய் நிறுவனம் அனுப்பிய குழு அது. ஐந்து மாதங்களுக்கு முன்புதான் அந்த ஆலையில் பாஸ்ஜீன் வாயு கசிந்து ஒரு தொழிலாளி உயிரிழந்திருந்தார். குழுவின் அறிக்கை ஜூலையில் முழு வடிவம் பெற்றது.

எழுதியவர்கள் கூர்மையாகத்தான் பார்த்திருந்தார்கள். வால்வுகள் கசிகின்றன, மீட்டர்களை நம்ப முடியவில்லை, பயிற்சி பெற்றவர்கள் வேலையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள், சில இடங்களில் நிலையான நீர்த்தெளிப்பு இல்லை, வடிகட்டிகளைச் சுத்தம் செய்யும்போது குழாய்களை மறிக்கும் அடைப்புத் தகடு செருகப்படுவதில்லை. பாஸ்ஜீன், மீதைல் ஐசோசயனேட் பிரிவுகளிலும் சேமிப்புத் தொட்டிகளிலும் நச்சு வாயு வெளியேற வாய்ப்பு உண்டு என்றும் எழுதினார்கள். கூடவே, உடனடி ஆபத்து எதையும் காணவில்லை என்றும் ஒரு வரி சேர்த்தார்கள். மற்றப் பக்கங்களின் அவசரத்தையெல்லாம் தணித்துவிடக்கூடிய வரி அது.

அறிக்கை கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரியில் இருந்த தலைமையகத்துக்குப் போனது. போபாலிலிருந்து செயல்திட்டங்கள் பதிலாகப் போயின: இது முடிந்தது, இது நடக்கிறது, இது பாக்கி. 1984 ஜூன் வாக்கில் பெரும்பாலான குறைகள் தீர்ந்துவிட்டதாகக் காகிதம் சொன்னது. அப்படி எழுதி அனுப்பியவர்கள் ஆலை நிர்வாகத்தினரே. அறிக்கை கெட்டுப்போன இடம் இதுதான் என்பேன். குறையைச் சரிசெய்ய வேண்டியவரே சரியாகிவிட்டது என்று சான்றும் தந்தால், அது தணிக்கையாகாது.

ஆலைக்குள் நிலைமை வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. விற்பனை சரிந்ததால் செலவும் ஆட்களும் குறைக்கப்பட்டன. அந்த ஆண்டின் நடுவில் தொட்டிகளைக் குளிர்விக்கும் இயந்திரம் நிறுத்தப்பட்டது. கசியும் வாயுவை எரிக்கும் கோபுரத்துக்குப் போகும் குழாயில் ஒரு துண்டு பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டது.

டிசம்பர் 2 இரவு மீதைல் ஐசோசயனேட் இருந்த 610ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. அடைப்புத் தகடு இல்லாமல் குழாய் கழுவியதால் புகுந்தது என்பது ஒரு தரப்பு; நாசவேலை என்பது நிறுவனத்தின் வாதம். தண்ணீர் எப்படிப் புகுந்திருந்தாலும், கிளம்பிய வாயுவைத் தடுக்க வேண்டிய ஏற்பாடுகளில் ஒன்றுகூட அன்றிரவு கைகொடுக்கவில்லை. பீய்ச்சியடித்த தண்ணீரும் வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. மத்தியப் பிரதேச அரசு உறுதிசெய்த உயிரிழப்பு மட்டும் 3,787. உண்மையில் பல மடங்கு அதிகம் என்கின்றன பாதிக்கப்பட்டோர் அமைப்புகள்.

அதன் பிறகுதான் 1982 அறிக்கை பொதுமக்கள் கண்ணில் பட்டது. 1985 ஜனவரியில் இன்னொன்றும் வெளிவந்தது. மேற்கு வர்ஜீனியாவின் இன்ஸ்டிடியூட் என்ற ஊரில் இருந்த அதே நிறுவனத்தின் ஆலையில் 1984இல் நடந்த ஆய்வு அது. மீதைல் ஐசோசயனேட் தொட்டியில் வேதிவினை கட்டுமீறலாம் என்று செப்டம்பரிலேயே அது எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை போபாலுக்கு அனுப்பப்படவில்லை. அதே வேதிப்பொருளைத் தொட்டிகளில் வைத்திருந்த இரண்டு ஆலைகளில் ஒன்றின் அச்சம் மற்றதன் காதுக்கு எட்டாமலே போயிற்று.

இந்தியச் சட்டம் இதிலிருந்து பாடம் கற்றது. 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்தான ஆலைகளில் தொழிலாளர்களும் இடம்பெறும் பாதுகாப்புக் குழு கட்டாயமானது. உயிருக்கு ஆபத்து நெருங்குவதாகத் தோன்றினால் நிர்வாகத்திடம் முறையிடும் உரிமையும் தொழிலாளிக்குக் கிடைத்தது. 1989ஆம் ஆண்டின் அபாயகர வேதிப்பொருள் விதிகளில் 1994இல் செய்த திருத்தம், ஆலையோடு தொடர்பில்லாத நிபுணரைக் கொண்டு தணிக்கை செய்து, அறிக்கையை 30 நாளுக்குள் அதிகாரியிடம் சேர்க்கச் சொன்னது.

வெளியாளைக் கொண்டு குறை கண்டுபிடிப்பது பாதி வேலைதான். போபாலில் குறைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அவை உண்மையிலேயே தீர்ந்தனவா என்று வெளியாள் ஒருவர் திரும்பி வந்து வால்வைத் திருகிப் பார்ப்பதும், குளிர்சாதனத்தை ஓடவிட்டுப் பார்ப்பதும், இரவு ஷிஃப்ட் ஆட்களிடம் கேட்பதும் மீதிப் பாதி. அறிக்கையின் நகல் அந்தத் தொட்டியருகே வேலை செய்பவருக்கும், மதிலுக்கு அப்பால் குடியிருப்பவருக்கும், அவர்கள் மொழியிலேயே கிடைக்க வேண்டும். ஆபத்து அவர்களுடையது என்னும்போது அறிக்கையும் அவர்களுடையதுதான்.