கூட்டு வாணிகமும் கணக்கு நாணயமும்

பழனியின் வாணிக வரலாற்றை ஆராய்வோர்க்கு அரிய சான்றாக விளங்குவன, வ.சுப. மாணிக்கம் பதிப்பித்த நகரத்தார் அறப்பட்டயங்கள் ஆகும். 17ஆம் நூற்றாண்டில் நெற்குப்பைக் குமரப்பன் பழனியில் உப்பு வாணிகம் செய்ததும், மகமை என வணிகர் தம் வரவிலிருந்து அறத்திற்கு ஒதுக்கும் பங்கை முருகனுக்கு வைத்ததும் நகரத்தார் மரபில் நிலைத்த செய்திகள். சட்ட நோக்கில் மகமை அறக்கொடையே. தெய்வம் கூட்டாளி ஆவதில்லை. எனினும், ஏட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்காத ஒருவர்க்குரிய பங்கையும் குறையாது எழுதும் நாணயமே கூட்டுத் தொழிலுக்கும் அடிப்படையாகும்.

இந்த நாணயத்தை 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் கடமையாக்குகிறது. அதன் 9ஆம் பிரிவின்படி, கூட்டாளிகள் அனைவர்க்கும் மிகுந்த நன்மை தரும் வகையில் தொழிலை நடத்தவும், ஒருவர்க்கொருவர் நேர்மையும் உண்மையும் உடையவராக இருக்கவும், மெய்யான கணக்கையும் நிறுவனத்தைப் பாதிக்கும் செய்திகள் அனைத்தையும் தெரிவிக்கவும் கடமைப்பட்டவர்கள். ஒரு கூட்டாளி தொழிலின் பொருட்டுச் செய்யும் செயல் நிறுவனத்தையே கட்டுப்படுத்துவதாலும், அதனால் விளையும் கடனுக்கு ஏனையோரின் சொந்தச் சொத்தும் பொறுப்பாவதாலும் இக்கடமை இத்துணைக் கடுமை பெறுகிறது.

மறைவான ஆதாயத்தைப் பற்றி 16ஆம் பிரிவு பேசுகிறது. பழனி மலை அடிவாரத்தில் இருவர் கூட்டாகப் பஞ்சாமிர்தக் கடை நடத்துவதாகவும், அவருள் சரக்குக் கொள்முதலைக் கவனிப்பவர் நெய்க்காரப்பட்டி வெல்ல வணிகரிடம் தனக்கெனத் தரகு பெறுவதாகவும் கொண்டால், கடைக்கு நட்டம் நேராவிடினும் அத்தொகை கூட்டுக் கணக்கிற்கே உரியது. கூட்டாளியாக இருக்கும்போதே அவர் போட்டிக் கடை வைத்தால், அதன் ஆதாயத்தையும் செலுத்த நேரும். ஆயினும், இப்பிரிவு உடன்படிக்கைக்கு உட்பட்டதாதலால், பக்கத் தொழிலுக்கு மற்றவர் முன்னரே இசைந்து பத்திரத்தில் எழுதிக்கொள்ள இடமுண்டு. விலகிய கூட்டாளியும், 36ஆம் பிரிவின்படி, நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தாமலும் பழைய வாடிக்கையாளரை நாடி அழைக்காமலும் போட்டித் தொழில் நடத்தலாம்.

ஆகவே, தனி ஆதாயம் அனைத்தையும் சட்டம் தடுப்பதில்லை. நிறுவனத்தின் தொழிலாலோ அதற்குப் போட்டியாகவோ, மற்றவர் இசைவின்றிப் பெற்ற ஆதாயத்தையே அது கூட்டுக் கணக்கிற்கு உரியதாக்குகிறது. நட்டத்தில் உடன்நிற்பது கூட்டாளியின் பெருமையாகலாம். அவர் உண்மையை அளக்கும் கோல், மறைக்க வாய்த்த வரவை ஏட்டில் ஏற்றினாரா என்பதேயாகும்.