புழுவும் இலையும் சிறகும்

வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிக் குழந்தைகளுக்கென எழுதப்பட்ட அறிவியல் நூல்களில் முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகு விரித்த பூச்சி ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் காண்கிறோம். இன்று இயல்பாய்த் தோன்றும் இவ்வமைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. அது ஒரு சிறுமியின் ஆர்வத்தில் தொடங்குகிறது.

மரியா சிபில்லா மெரியன் 1647இல் செருமனியின் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தார். மூன்று வயதில் தந்தையை இழந்த அவர், மலரோவியரான மாற்றாந்தந்தையிடம் தூரிகை பிடிக்கக் கற்றார். சேற்றிலும் அழுகலிலும் பூச்சிகள் தாமே தோன்றுகின்றன எனக் கற்றோரும் நம்பிய காலம் அது. மெரியனோ பதின்மூன்றாம் வயதில் பட்டுப்புழு வளர்த்து, முட்டை புழுவாவதையும், புழு கூடு கட்டுவதையும், கூட்டிலிருந்து சிறகு வெளிவருவதையும் கண்ணாரக் கண்டார். பின்னர்ப் பிற புழுக்களையும் வளர்த்து, கண்டவற்றைக் குறித்தும் வரைந்தும் வைத்தார்.

அவ்வுழைப்பு 1679இல் 50 படங்கள் கொண்ட நூலாயிற்று. அறிஞர் இலத்தீனில் எழுதிய அந்நாளில் அவர் தம் தாய்மொழியிலேயே எழுதினார். ஒவ்வொரு பூச்சியையும் அதன் புழு தின்னும் செடியோடு சேர்த்து வரைந்தார். கடிபட்ட இலையையும் மறைத்தாரில்லை. 1699இல், தம் 52ஆம் வயதில், இளைய மகளுடன் தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினார். நோயுற்று 1701இல் திரும்பிய அவர், 60 படங்களுடன் சுரினாம் பூச்சிகளைப் பற்றிய நூலை 1705இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டார். அந்நாட்டுப் பழங்குடியினரும் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கரும் கூறிய செய்திகளும் அதில் இடம்பெற்றன.

இந்நூல்கள் குழந்தைகளுக்கென எழுதப்பட்டவை அல்ல. எனினும் இரு நூற்றாண்டுகள் கழிந்தபின், ருசிய நாட்டு வீடொன்றில் தூசு படிந்து கிடந்த சுரினாம் நூலை ஏறத்தாழ எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் கண்டெடுத்தான். பின்னாளில் புதின ஆசிரியராகவும் வண்ணத்துப்பூச்சி ஆய்வாளராகவும் புகழ்பெற்ற விளாதிமிர் நபக்கோவே அச்சிறுவன்.

பாவலர் பெரிதும் போற்றுவது சிறகையே. ஆயின், “இது எங்கிருந்து வந்தது?” என வினவும் பிள்ளைக்குச் சிறகு மட்டும் விடையாகாது. நம் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் இலை தின்னும் பச்சைப் புழுவே கருஞ்சிறகு விரித்துப் பறக்கும் என்பதை அறிந்த பிள்ளை, அதனை நசுக்கக் கை ஓங்குமுன் சற்றுத் தயங்கும். அத்தயக்கத்தை விளைவிக்கும் நூலே நல்ல நூல். புழுவுக்கும் சிறகுக்கும் ஒரே பக்கத்தில் இடமளித்த மெரியன் அதற்கு வழிகாட்டினார் எனலாம்.