பெருமரங்களும் ஒரு கமராவும்: கலிபோர்னியாவிலிருந்து பள்ளிமுனை வரை

கனடா, அமெரிக்கா பக்கம் இருக்கிற எங்கட சொந்தக்காரர் விடுமுறைக்குப் போய் எடுத்து அனுப்புற படங்களில ஒரு வகை கட்டாயம் இருக்கும். ஒரு ராட்சத மரத்தின் அடியில குடும்பமே நிற்கும். மரம் படத்துக்குள்ள அடங்காது. ஆக்கள் எறும்பு மாதிரித் தெரிவினம். அந்த மரங்கள்தான் கலிபோர்னியாவின் ஜயன்ட் செக்குவோயாவும் ரெட்வூட்டும். துணுக்காயில இருந்து அந்தப் படத்தைப் பாக்கிற நாங்கள் "என்ன மரமப்பா!" என்று ஒரு லைக்கைப் போட்டுட்டுப் போயிடுவம். ஆனா அந்தப் படத்துக்குப் பின்னால நூற்றி அறுபது வருசத்துக்கு மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கு. அது வன்னியில இருக்கிற எங்களுக்கும் கொஞ்சம் உறைக்க வேண்டிய வரலாறு.

முதலில் கோடரி, பிறகு கமரா

இரண்டும் ஒரே மரமில்லை. செக்குவோயா சியரா நெவாடா மலைச்சரிவில் வளர்வது, பருமனில் பெரியது. ஜெனரல் ஷெர்மன் என்று பெயரிடப்பட்ட மரம் ஏறத்தாழ 84 மீற்றர் உயரம், நிலமட்டத்தில் சுற்றளவு 31 மீற்றர். ரெட்வூட் கடலோரப் பனிமூட்டத்தில் வளர்வது, உயரத்தில் பெரியது. 2006இல் கண்டுபிடிக்கப்பட்ட ஹைப்பீரியன் 115 மீற்றரைத் தாண்டி நிற்கிறது. எங்கட ஊரில ஒரு நல்ல தென்னையை எடுத்து, அதுக்கு மேல இன்னும் நாலு தென்னையை அடுக்கிப் பாருங்கோ. அதுதான் அந்த உயரம்.

தங்கம் தேடிக் கலிபோர்னியாவுக்குள் வந்த வெள்ளையர்கள் இந்த மரங்களைக் கண்டவுடன் செய்த முதல் வேலை படம் எடுத்தது இல்லை, தறித்தது. 1853இல் கலவெராஸ் தோப்பில் ஒரு பெரிய மரத்தை ஐந்து பேர் மூன்று கிழமையளவு துளைபோட்டு வீழ்த்தினார்கள். அடிக்கட்டையில் நடன மேடை போட்டார்கள். அடுத்த வருசம் "காட்டின் தாய்" என்று அழைக்கப்பட்ட இன்னொரு மரத்தின் பட்டையை, நின்ற நிலையிலேயே முப்பது மீற்றர் உயரத்துக்கு மேல் உரித்து, நியூயோர்க்கிலும் பிறகு லண்டனிலும் காசுக்குக் காட்சிக்கு வைத்தார்கள். பட்டை 1866இல் லண்டன் கிறிஸ்ரல் பலஸ் தீவிபத்தில் எரிந்துபோனது. மரமும் செத்துப்போனது. இவ்வளவு பெரிய மரம் இருக்கிறது என்று தூரத்தில் இருக்கிறவனை நம்பவைக்க, மரத்தையே கொன்று கொண்டுபோக வேண்டியிருந்த காலம் அது.

இந்த இடத்திலதான் கமரா வருது. 1861இல் கார்ல்ற்றன் வொட்கின்ஸ் என்ற படப்பிடிப்பாளர் யொசெமிற்றிப் பள்ளத்தாக்குக்கும் மரிப்போசாத் தோப்புக்கும் போனார். அவரிடம் இருந்தது ஏறத்தாழ 18க்கு 22 அங்குலக் கண்ணாடித் தகடு பிடிக்கிற பெட்டிக் கமரா. தகட்டில் இரசாயனம் பூசி, ஈரம் காயமுன் படம் எடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்துக்குள் கழுவி எடுக்க வேண்டும். எல்லாச் சாமானும் கோவேறு கழுதைகளின் முதுகில போனது. ஒரு தகடு உடைந்தால் அந்த நாளின் உழைப்பு போச்சு.

அவர் எடுத்த படங்களில் ஒன்று "கிரிஸ்லி ஜயன்ட்" என்ற செக்குவோயா. அடியில் ஒரு ஆள் நிற்கிறார். அந்த ஆள் நிற்கிறபடியால்தான் மரத்தின் அளவு எங்களுக்குப் புரியுது. இன்றைக்குச் சொந்தக்காரர் அனுப்புகிற படத்தின் மூதாதை அதுதான். அந்தப் படங்கள் கிழக்குக் கரைக்குப் போய் நியூயோர்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன. செனட்டர் ஜோன் கொன்னஸ் மசோதாவைக் கொண்டுவந்தார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1864 ஜூன் 30இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்துப் போட்டு யொசெமிற்றிப் பள்ளத்தாக்கையும் மரிப்போசாத் தோப்பையும் பாதுகாத்தார். படம் மட்டும்தான் மரத்தைக் காப்பாற்றியது என்று சொல்ல ஏலாது. ஆனால் போய்ப் பாக்காத அரசியல்வாதிகளுக்கு அந்த மரங்களைக் கண்ணால் காட்டியது படம்தான்.

வொட்கின்சின் சொந்த முடிவு சோகமானது. 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கமும் தீயும் அவருடைய படக்கூடத்தை அழித்தது. வாழ்நாள் முழுக்க எடுத்த தகடுகள் சாம்பலாயின. 1916இல் ஒரு மனநல மருத்துவமனையில் இறந்தார். அல்பங்களை இழந்த கதை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2008இல் துணுக்காய், மல்லாவிப் பக்கம் இருந்து ட்ரக்ரரில் சாமான் ஏத்திக்கொண்டு கிழக்கே நகரத் தொடங்கின சனம், ஒவ்வொரு இடப்பெயர்விலும் ஒவ்வொன்றாய் விட்டுட்டுத்தான் போனது. கலியாண அல்பம், பள்ளிக்கூடப் படம் எல்லாம் அப்படித்தான் போனது.

படத்தில் இல்லாத ஆக்கள்

இதுவரைக்கும் நல்ல கதை. ஆனால் அந்தப் படங்களில ஒரு பெரிய இடைவெளி இருக்கு. வொட்கின்ஸ் போவதற்குப் பத்து வருசத்துக்கு முன், 1851இல், மரிப்போசா பற்றாலியன் என்ற ஆயுதப்படை யொசெமிற்றிக்குள் நுழைந்து அங்கே வாழ்ந்த அவானீச்சி மக்களை விரட்டியது. உணவுக் களஞ்சியங்களையும் குடிசைகளையும் எரித்தது. அதுக்குப் பிறகு எடுத்த படங்களில பள்ளத்தாக்கு ஆளில்லாத, கைபடாத, கடவுள் நேற்றுத்தான் படைத்த மாதிரியான இடமாய்த் தெரியுது. அந்தக் "கன்னித்தன்மை" வெளியேற்றத்தின் விளைவு.

அதுக்கு மரங்களும் விலை கொடுத்தன. சியராவின் பழங்குடிகள் அடிக்காட்டைக் காலத்துக்குக் காலம் அளவாய்க் கொளுத்துவார்கள். செக்குவோயாவின் தடித்த பட்டை அந்தச் சின்னத் தீயைத் தாங்கும். அதின் காய்கள் வெடித்து விதை கொட்டவும் தீயின் சூடு உதவும். அந்த ஆக்களை விரட்டி, பிறகு ஒரு நெருப்பும் வரக்கூடாது என்று நூறு வருசம் காவல் காத்ததில், காய்ந்த விறகு குவிந்தது. காலநிலை மாற்றத்தின் வறட்சியும் சேர, 2020, 2021 இரண்டு வருசத் தீயில் உலகத்தில் இருக்கிற பெரிய செக்குவோயாக்களில் 13 தொடக்கம் 19 வீதம் வரை அழிந்தது என்று பூங்கா அதிகாரிகள் மதிப்பிட்டார்கள். ஜெனரல் ஷெர்மனின் அடியைத் தீ தாங்கும் அலுமினியத் தாளால் சுற்றிக் காப்பாற்ற வேண்டி வந்தது.

எங்கட பக்கத்து ராட்சதர்

செக்குவோயா பாக்க விசா வேணும். பெருக்கமரம் பாக்க பஸ் காசு போதும். மாங்குளம்–வெள்ளாங்குளம் வீதியால் மேற்கே போய், மன்னார் வீதியில் தெற்கே திரும்பி, இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு தாண்டினால் மன்னார்த்தீவு. நகரத்தை ஒட்டின பள்ளிமுனையில் நிற்கிறது இலங்கையின் மிகப் பெரிய பெருக்கமரம். உயரம் ஏழரை மீற்றர்தான், ஆனால் சுற்றளவு ஏறத்தாழ பத்தொன்பதரை மீற்றர். பத்துப் பேர் கை கோத்தாலும் வளைக்கிறது கஷ்டம். நெடுந்தீவிலும் ஒன்று இருக்கு, உள்ளுக்குள் கோறையாகி, ஆக்கள் நுழைந்து நிற்கக்கூடிய மாதிரி.

பெருக்கமரத்தின் தாயகம் ஆபிரிக்கா. தமிழ்நாட்டில் இதைப் பொந்தன்புளி, ஆனைப்புளி என்பார்கள். ஒட்டகத்துக்குத் தீனியாக அராபிய வணிகர்கள் கொண்டுவந்தது என்பதுதான் மன்னாரில் பரவலாகச் சொல்லப்படும் கதை. பள்ளிமுனை மரத்துக்கு 1477 என்று ஒரு வருசம் சொல்லப்படுது, எழுநூறு வருசத்துக்கு மேல் என்று இன்னொரு கணக்கும் இருக்கு. ஹரிப்ரியா ரங்கன், கரேன் பெல் ஆகிய ஆய்வாளர்கள் இந்தியப் பெருக்கமரங்களின் மரபணுவை ஆராய்ந்து, அவை ஒரே தடவையில் வந்தவை அல்ல, ஆபிரிக்காவின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து பல தடவைகளில் வந்தவை என்றார்கள். வணிகர் மட்டுமில்லை, அடிமைகளாயும் படைவீரராயும் இந்துமாகடலைக் கடந்த ஆபிரிக்கரும் இந்த மரங்களின் கதையில் இருக்கிறார்கள் என்பது அவர்களுடைய வாதம்.

ஒரு மரத்தின் வயதைச் சொல்லுறது லேசில்லை. 1749இல் செனகலுக்குப் போன பிரெஞ்சுக்காரர் மிஷெல் அடன்சன், பெருக்கமரங்களில் பழைய ஐரோப்பிய மாலுமிகள் செதுக்கிய பெயர்களைக் கண்டார். அந்த எழுத்துகளை வைத்து வளர்ச்சியைக் கணக்கிட்டு, மரத்துக்கு ஐயாயிரம் வயது என்றார். அது மிகைக் கணக்கு. கார்பன் முறையில் இதுவரை அளந்ததில் மூத்தது ஏறத்தாழ 2450 வருசம். ஆனாலும் மரத்தின் தாவரவியற் பெயர் அடன்சோனியா என்று அவர் பெயரிலேயே நிற்குது. பெயர் செதுக்கும் பழக்கமும் நிற்குது. கமரா கையில் இருக்கிற காலத்திலயும் ஆணியால் காதலி பெயர் எழுதிறவன் குறையேல்லை.

பெருக்கமரம் தப்பினதுக்கு ஒரு எளிய காரணம், அதின் தண்டு தண்ணி நிறைந்த பஞ்சு மாதிரி. பலகைக்கு உதவாது. முதிரையும் கருங்காலியும் பாலையும் அப்படியில்லை. வைரம் இருந்தபடியால் அவைக்குக் கோடரி வந்தது. எங்கட பகுதியில் பெரிய முதிரை கண்டவர்கள் இப்ப வயதானவர்கள் மட்டுந்தான். பாலைப்பழக் காலத்தில், வைகாசி ஆனியில், ஏறிப் பறிக்கப் பஞ்சிப்பட்டுக் கொப்போட முறிச்சு விக்கிறதும் நடக்குது. அந்த மரங்களுக்கு ஒரு படமும் இல்லை.

வெறுங்காடு என்று ஒன்று இல்லை

வன்னிக் காட்டைக் கலிபோர்னியாக் காடு மாதிரி "கைபடாதது" என்று படம் பிடிக்கிற ஆசை இப்ப கூடியிருக்கு. ட்ரோன் படங்கள் அழகாய்த்தான் இருக்கு. ஆனால் இந்தக் காட்டுக்குள் பழைய குளக்கட்டுகள் கிடக்குது. ஜே.பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைந்நூலும், ஹென்றி பார்க்கர் 1909இல் எழுதிய நூலும் பாழடைந்த குளங்களைப் பற்றிப் பேசுகின்றன. எங்கட வவுனிக்குளமே காடு மூடிக் கிடந்து, 1950களில் திருத்தி, சனத்தைக் குடியேத்தின பழங்குளம். ஊர்ப்பெயர்களைப் பாருங்கோ. புளியங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு. மரமும் மனிசரும் சேர்ந்துதான் ஊர்.

போரால் வெளியேறின சனம் வருசக்கணக்காய் வரேலாமல் இருந்தபோது, வயலிலும் வளவிலும் மரம் வளர்ந்தது. திரும்பி வந்தபோது வன்னியின் பல இடங்களில் அந்தக் காணிகள் வனப்பகுதியாக எல்லைக்கல் போடப்பட்டிருந்தன. மேலிருந்து எடுத்த படத்தில் அது பச்சைக் காடு. கீழே நிண்டு பாத்தா ஒரு கிணத்துக்கட்டும், வரிசையாய் நட்ட மாமரமும் தெரியும். காட்டில தானாய் மாமரம் வரிசையில் முளைக்காது. அவானீச்சி மக்களின் கதையை இவ்வளவு நேரம் சொன்னது இதுக்காகத்தான். காட்டைக் காக்க வேணும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆளை அழித்துவிட்டுக் காட்டை மட்டும் காட்டுற படம் காட்டையும் காப்பாத்தாது என்பதைத்தான் கலிபோர்னியா காட்டுது.

ஆகவே ஒரு கோரிக்கை. கையில் போன் இருக்கிற இளம் ஆக்கள் உங்கட ஊரின் பெரிய மரங்களைப் படம் எடுங்கோ. கோயில் ஆல், குளக்கட்டு மருது, வளவுப் புளி, பள்ளிக்கூட வேம்பு, எதுவாயும் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு ஆளை நிப்பாட்டி எடுங்கோ. நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், நெஞ்சளவில், கயிறு சுத்திச் சுற்றளவு எடுத்து, திகதியோட எழுதி வையுங்கோ. அதின் கீழ் யார் கூடினது, இடம்பெயரும்போது யார் இளைப்பாறினது என்று மூத்த ஆக்களைக் கேட்டு எழுதுங்கோ. தெரியாத காட்டுக்குள், வெடிபொருள் எச்சரிக்கை இருக்கிற இடத்துக்குள் கால் வைக்க வேண்டாம்.

கடைசியாய் ஒன்று. ஹைப்பீரியன் நிற்கிற இடம் இணையத்தில் பரவியதால், வந்த சனத்தின் மிதியில் அதின் வேரடி மண் இறுகியது. 2022இல் பூங்கா நிர்வாகம் அந்தப் பகுதியை மூடி, போறவருக்கு 5000 டொலர் வரை தண்டமும் ஆறு மாதம் வரை சிறையும் என்று அறிவித்தது. எங்கட காட்டில வாறது சுற்றுலாப் பயணி இல்லை, வாள்காரன். காட்டில ஒரு நல்ல முதிரையையோ கருங்காலியையோ கண்டால் படம் எடுங்கோ, அளவு எடுங்கோ. ஆனால் இடத்தைப் பேஸ்புக்கில் போடாதேங்கோ.