ஒல்லி ஸ்பூல்

1930களின் தொடக்கத்தில் கோடக் நிறுவனம் 620 என்றொரு பிலிம் ரோலை விற்பனைக்கு விட்டது. அந்த நிறுவனமே 1901 முதல் விற்றுவந்த 120 ரோலுக்கும் இதற்கும் பிலிமில் வித்தியாசமே கிடையாது. அதே அகலம், அதே நீளம், முதுகில் எண் அச்சடித்த அதே காகிதம். ஸ்பூல் மட்டும் வேறு: நடுத்தண்டு ஒல்லி, ஓரத்து வட்டத் தகடு கொஞ்சம் சிறிது. கேமராவை மெலிதாகச் செய்ய அது உதவியது என்பது உண்மைதான். ஆனால் 120 ரோலை அதற்குள் பல கம்பெனிகள் செய்துகொண்டிருந்தன என்பதும் உண்மை. பிறகு 620ஐயும் சிலர் செய்தார்கள். இருந்தாலும் 620 கேமரா வாங்கியவர் பிலிமுக்கு முதலில் போய் நின்றது கோடக் வாசலில்தான்.

குன்னூரில் எங்கள் ஸ்டூடியோவில் அப்படி ஒரு கோடக் சிக்ஸ்-20 இருந்தது. ஊரைக் காலிசெய்துகொண்டு போன எஸ்டேட் துரை ஒருவரிடம் அப்பா வாங்கியது. 620 ரோல் கிடைப்பது அரிதானபோது அப்பா கேமராவை விற்கவில்லை. டார்க் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, சிவப்பு விளக்குகூட இல்லாத இருட்டில், 120 ரோலை ஒரு காலி ஸ்பூலில் சுற்றி, அங்கிருந்து 620 ஸ்பூலுக்கு மாற்றிச் சுற்றுவார். பிலிமின் ஒரு முனை மட்டும்தான் காகிதத்தில் டேப்பால் ஒட்டியிருக்கும். மாற்றிச் சுற்றும்போது அந்த இடத்தில் பிலிம் புடைத்துக்கொள்ளும். டேப்பை விரலால் தடவிப் பிரித்து, புடைப்பை நீவி, திரும்ப ஒட்ட வேண்டும். இதைப் பார்த்துக் கற்க வழியில்லை, இருட்டு. என் கையைப் பிடித்துத் தடவ வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார்.

அப்படிச் சுற்றிய பிலிம் பெரும்பாலும் பக்கத்து ஊட்டியில் செய்த ‘இந்து’ ரோல். ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் அரசு நிறுவனமாகப் பதிவாகி, 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. அமெரிக்க ஸ்பூலில் ஊட்டிப் பிலிம் உட்கார்ந்து படம் எடுத்தது. யாரும் குறை சொன்னதில்லை.

என் பையன் இப்போது என்னை ஆப்பிளை விட்டு வெளியே வரச் சொல்கிறான். “இந்த விலைக்கு ரெண்டு ஆண்ட்ராய்டு போன் வாங்கலாம்ப்பா. எதுக்கு இதையே கட்டிக்கிட்டு அழறீங்க?” என்கிறான். அழவில்லை, உண்மையில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. போனில் எடுத்தது மேக்கில் வந்து நிற்கிறது, மேக்கில் திருத்தியது மேசைமேல் இருக்கும் ஐபேடில் தெரிகிறது. கல்யாண வீட்டார் அதில் பார்த்து ஆல்பத்துக்குப் படம் பொறுக்குகிறார்கள். பையன் கேட்டதும் எனக்கு விலை நினைவுக்கு வரவில்லை, எங்கள் தொழிலின் பழைய கதைதான் நினைவுக்கு வந்தது.

அது 1888இல் தொடங்குகிறது. ஜார்ஜ் ஈஸ்ட்மன் அந்த ஆண்டு விற்ற முதல் கோடக் கேமரா 25 டாலர், உள்ளே 100 படத்துக்குப் பிலிம். எடுத்து முடித்ததும் கேமராவையே ராச்செஸ்டர் நகருக்கு அனுப்ப வேண்டும். 10 டாலருக்கு அவர்களே கழுவி, பிரிண்ட் போட்டு, புதுப் பிலிம் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். அதுவரை போட்டோ எடுக்க ரசாயனம் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சுமை நீங்கியது. கூடவே சாவியும் கைமாறியது.

1935இல் வந்த கோடக்ரோமில் இந்தக் கட்டு இன்னும் இறுகியது. அதன் வண்ணச் சாயப் பொருள் பிலிமில் கிடையாது, கழுவும்போதுதான் சேரும். வீட்டு டார்க் ரூமில் நடக்கிற காரியமல்ல அது. அமெரிக்காவில் பிலிமின் விலையிலேயே கழுவும் கூலியையும் சேர்த்து விற்றார்கள். 1954இல் நீதிமன்ற உடன்படிக்கை வந்த பிறகே பிரித்தார்கள். அந்த வண்ணத்துக்கு ஈடு கிடையாது என்று சொன்னவர்களை நான் மறுக்கமாட்டேன். தரமும் தந்திரமும் அங்கே ஒரே டப்பாவில் இருந்தன. 2009இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். 2010 டிசம்பர் 30 அன்று, கான்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் இருந்த கடைசி லேப் ரோல் வாங்குவதை நிறுத்தியது. அதற்குப் பிறகு கழுவாமல் கிடந்த ரோல்களைப் பெரும்பாலும் கருப்பு வெள்ளையாகத்தான் மீட்க முடியும்.

லென்ஸ் கதை எல்லா போட்டோகிராபருக்கும் தெரியும். லென்ஸைக் கேமராவில் பூட்டும் இடம்தான் மவுண்ட். நிக்கான் 1959இல் போட்ட எஃப் மவுண்டைப் பல பத்தாண்டுகள் விடாமல் வைத்திருந்தது. கேனன் 1971இன் எஃப்டி மவுண்டை 1987இல் கைவிட்டு இஎஃப் மவுண்டுக்கு மாறியபோது பழைய லென்ஸ்கள் புதுப் பாடியில் உட்காரவில்லை.

ஆப்பிளின் 30 முனை கனெக்டர் 2003, லைட்னிங் 2012. இரண்டும் ஒல்லி ஸ்பூலின் பேரப்பிள்ளைகள். லைட்னிங் எப்படித் திருப்பிச் செருகினாலும் நுழையும், அந்த வசதி நிஜம். மற்ற போன்களின் சார்ஜர் கேபிள் அதில் நுழையாது என்பதும் நிஜம். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் பொதுச் சார்ஜர் சட்டம் கொண்டுவந்தது, 2023இல் ஐபோன் 15 யுஎஸ்பி-சிக்கு மாறியது. இன்னொரு கட்டு ஆப்பிளின் செய்திச் செயலியான ஐமெசேஜ். ஆப்பிள்மீது எபிக் நிறுவனம் தொடுத்த வழக்கில் வெளிவந்த 2013ஆம் ஆண்டு மின்னஞ்சல் ஒன்றில், அதை ஆண்ட்ராய்டுக்கும் கொடுத்தால் ஐபோன் வைத்திருக்கும் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கித் தருவதற்கு இருந்த தடை நீங்கிவிடும் என்று ஆப்பிள் அதிகாரி கிரெய்க் ஃபெடரிகி கவலைப்பட்டிருந்தார். நம்மூரில் கல்யாணப் பத்திரிகையே வாட்ஸ்அப்பில் வருகிறது. அந்தச் சுவர் என் முழங்காலுக்குக்கூட எட்டாது.

என்னைப் பிடித்து வைத்திருப்பது டச்சிங். அப்பா நெகட்டிவைச் சாய்வு மேசையில் வைத்து, கூரிய பென்சிலால் முகத்துச் சுருக்கத்தையும் அம்மைத் தழும்பையும் நிரவுவார். அந்தப் பென்சில் நெகட்டிவின் மேலேயே இருக்கும். அதை யார் எடுத்துப் போய் எந்த டார்க் ரூமில் பிரிண்ட் போட்டாலும் அப்பாவின் டச்சிங் கூடவே வரும். நான் மேக்கில் செய்யும் டச்சிங் படத்தின்மேல் படிவதில்லை. மூலப்படம் அப்படியே இருக்க, இங்கே வெளிச்சம் கூட்டு, அங்கே நிழல் குறை என்ற கட்டளைகள் தனியாகச் சேமிக்கப்படுகின்றன. அவற்றைப் படிக்க அதே மென்பொருள் வேண்டும். மூலத்தை வெளியே எடுத்தால் என் வேலை வராது. திருத்தியதை எடுத்தால் வேலை படத்தோடு இறுகிப்போய்விடும், பிறகு பிரித்து மாற்ற முடியாது.

இது வெறும் பயமல்ல. ஆப்பிள் 2005இல் வெளியிட்ட அபர்ச்சர் மென்பொருளைப் பல தொழில்முறைப் போட்டோகிராபர்கள் நம்பி வைத்திருந்தார்கள். 2014இல் அதை இனி வளர்ப்பதில்லை என்று அறிவித்தது. மொஹாவிக்குப் பின்வந்த மேக் இயங்குதளங்களில் அது ஓடாது. வேறு கம்பெனியின் லைட்ரூம் மென்பொருளுக்குக் குடிபெயர்ந்தவர்களின் படங்கள் போய்ச் சேர்ந்தன, செய்த திருத்தங்கள் கட்டளைகளாகப் போய்ச் சேரவில்லை. வேறு கம்பெனிக்குப் போனாலும் கதை இதேதான் என்பதால் பையனுடைய ஆண்ட்ராய்டு எனக்குப் பாதி விடைதான்.

ஆகவே போனை இப்போதைக்கு மாற்றவில்லை. இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் மூலம் ஒன்று, முடித்த டிஃப் கோப்பு ஒன்று என இரண்டிலும் ஏற்றுகிறேன். முதலில் படுகர் ஊர்களின் ஹெத்தை அம்மன் பண்டிகைப் படங்கள், அவற்றைத் திரும்ப எடுக்க முடியாது. கல்யாணங்கள் அதற்குப் பிறகு. பாதிக் கல்யாணங்களுக்கு வீட்டாரிடமே ஆல்பம் இருக்கிறது.